எல்லாருக்கும் ஒரே பங்கு

நம்ம திருச்சுழியில் 1879-ல் பிறந்தவர் ரமண மகரிஷி. திருவண்ணாமலை ஆசிரமத்தில், விடியுமுன்பே சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்குவார். பந்தியில் தனக்கென்று கூடுதலாக எதையும் வைக்க விடமாட்டார். எல்லாருக்கும் என்னவோ, அதுதான் அவருக்கும்.

சாதி பார்க்காதே, நிறம் பார்க்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொன்னால் போதாது, அவரைப் போலச் செய்யப் பழக்க வேண்டும். நம்ம மானாவாரிக் காட்டில் விளைந்த தட்டாம்பயறை அவித்து, பிள்ளை கையில் கிண்ணத்தோடு கொடுங்கள். கூட விளையாடுகிற அத்தனை பேருக்கும் அந்தப் பிள்ளையே பங்கு வைக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க வேண்டாம். எல்லாருக்கும் ஒரே அளவு. கடைசிப் பங்கு தனக்கு. சாப்பிட்ட இடத்தை எல்லாரும் சேர்ந்து பெருக்கட்டும். சமத்துவமும் சேவையும் சின்ன வயதிலேயே கைக்குப் பழகட்டும். இன்றைக்கே தொடங்குங்கள்.