பேயும் பூதமும் படக்கொட்டகையும்

(எளாவூர்க் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பழைய கருப்பு வெள்ளைப் பேய்ப்படங்களாகும். "மீன் பிடித்துப் பிழைக்கும் நமக்குச் சினிமாப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

1951-ல் "மர்மயோகி" என்று ஒரு படம் வந்தது. செத்துப்போனதாக எண்ணப்பட்ட ராஜா அதில் ஆவியாக வந்து நிற்பார். இதைக் கண்டு சென்சார்காரர்கள், பெரியவர்கள் மட்டுமே பார்க்கத்தக்கதென்று அதற்கு முத்திரை போட்டார்கள். தமிழ்ப்படங்களில் அம்முத்திரை பெற்ற முதற்படம் அதுவே. ஆனால் முடிவு என்ன? ராஜா சாகவேயில்லை! உயிருள்ள மனிதனே பேயென்று பேர் வாங்கினான்.

நான் சிறு பையனாக டெண்டுக் கொட்டகையில் அதைப் பார்த்தபோது பயத்தால் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டேன். ஆகையால் வெகுகாலம் அது பேயென்றே நம்பியிருந்தேன். போன மாதம்தான் முழுதும் பார்த்துச் சிரித்தேன். நம் நாட்டுப் பேய்க்கதை எல்லாம் இப்படித்தான், தோழர்களே! பாதியில் எழுந்து ஓடியவன் சொன்ன கதைகளே அவை.

1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கருடன் சேர்ந்து எடுத்த "காடு" படத்தில் பூர்வகாலத்து ரோம யானைகள் வந்து மிரட்டின. அவை என்ன? நம்மூர் யானைக்கு மயிர்ப்போர்வை போர்த்தியதுதான்!

1954-ல் ஜப்பானில் "காட்ஜில்லா" வந்தது. ரப்பர் உடைக்குள் ஒரு மனிதன் நடந்ததே அந்தப் பூதம். ஆனால் அதே ஆண்டு மார்ச்சு 1-ந் தேதி பிகினித் தீவில் அமெரிக்கர் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், உங்களைப் போல மீன் பிடிக்கப்போன 23 ஜப்பானியர் மீது விழுந்தது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் மாண்டார். கொன்றது பூதமா? மனிதன் செய்த குண்டல்லவா?

ஆகவே, எதற்குப் பயப்படுவதென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் மீனும் இறாலும் குறையும்; ஆடு வெட்டினால் அம்மணல் நகருமா? தூர் எடுக்கச்சொல்லி சர்க்காரைக் கேட்பதே வழி. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வேப்பிலைக்காரனிடம் போகும் ஒரு ராத்திரியில் உயிரே போய்விடலாம். சினிமாப் பேய் டிக்கெட்டுக் காசோடு விட்டுவிடும். பூசாரியின் பேயோ கோழி, ஆடு, கடைசியில் பிள்ளையையும் கேட்கும்.

இனி யாராவது பேயென்றால் ஓடாதீர்கள். விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டப்போய்ப் பாருங்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இவ்வளவே நான் கேட்டுக்கொள்வது.