பொருந்தாத எண்ணை அழிக்காதீர்கள்



புள்ளியியல் என் துறை. புற்றுநோய்த் தரவுகளோடு வேலை செய்கிறேன். இன்று பட்டம் பெறும் உங்களில் உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களும், கணிதம், கணினி, மின்னணுவியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். எதிர்பார்த்ததோடு பொருந்தாத ஒரு முடிவு உங்கள் மேஜைக்கு வரும்போது அதை என்ன செய்யப்போகிறீர்கள்?

1940-களின் பாஸ்டன் நகரம். ரத்தப் புற்றுநோயான லுகேமியா வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோகும் என்பதுதான் அன்றைய நிலை. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். ஃபோலிக் அமிலம் குறைந்தால் ரத்த அணுக்கள் ஒழுங்காக உருவாவதில்லை என்பது அப்போது தெரிந்திருந்தது. ஆகவே அதைக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை தேறும் என்று நம்பிக் கொடுத்துப் பார்த்தார். நடந்ததோ நேர்மாறு. நோய் அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகின.

படுக்கையில் குழந்தை, பக்கத்தில் தாய், கையில் இப்படி ஒரு முடிவு. அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘பலிக்கவில்லை’ என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் அந்த முடிவையே முறைத்துப் பார்த்தார். இந்தச் சத்து நோயை வளர்க்கிறது என்றால், இதைத் தடுக்கும் பொருள் நோயைப் பட்டினி போடுமா?

தடுக்கும் பொருளைச் செய்து தந்தது லெடர்லே நிறுவனத்தின் ஆய்வகம். அதன் ஆய்வுத் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் கதர் உடுத்திக் கல்லூரிக்கு வந்தவர். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல்போக, முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். இன்று முழுப் பட்டத்தை வாங்கும் உங்கள் முன்னால் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முழுப் பட்டம் இல்லாமலே அவர் அமெரிக்கா போய், செலவுக்காக மருத்துவமனையில் இரவு ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிக்குள் நுழைந்தவர். அவருடைய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே மூலக்கூறின் சாயலில், ஆனால் அதன் வேலையைத் தடுக்கும்படி அமினோப்டெரின் என்ற பொருளையும் அந்தக் குழுதான் உருவாக்கியது.

1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வெளிவந்தது. 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான், நோய் திரும்பி வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். அடுத்த இரண்டே மாதத்தில், 53 வயதில் சுப்பாராவ் மறைந்துவிட்டார். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், இன்றைக்கும் குழந்தைகளின் லுகேமியா சிகிச்சையில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படுகிறது. வசதி படைத்த நாடுகளில் அந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்.

மின்னணுவியல் மாணவர்களுக்கு ரஸ்ஸல் ஓல் என்பவரைச் சொல்ல வேண்டும். 1940, பெல் ஆய்வகம். வானொலி அலைகளைப் பிடிப்பதற்காகச் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டில் விரிசல். அதன் அளவீடுகள் நிலையாக நிற்கவே இல்லை. விரிசல் விட்ட துண்டைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். அவர் அதன்மேல் விளக்கொளி விழச் செய்தார். மற்ற துண்டுகளில் காணாத அளவுக்கு மின்னழுத்தம் எழுந்தது. உருகிய சிலிக்கான் உறைந்தபோது அதிலிருந்த மாசுகள் பிரிந்து, ஒரு பக்கம் ஒரு வகையும் மறுபக்கம் வேறு வகையும் தங்கிவிட்டன. அந்த எல்லைதான் பி-என் சந்தி. இன்றைய சூரியத் தகடும் டையோடும் டிரான்சிஸ்டரும் அதன்மேல் நிற்கின்றன. இப்போது அந்தச் சந்தியை உண்டாக்கவே நாம் பத்து லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பாஸ்பரஸையோ போரானையோ வேண்டுமென்றே சேர்க்கிறோம்.

ஆனால் பொருந்தாத எண் எல்லாமே கண்டுபிடிப்பு ஆகிவிடாது. பெரும்பாலும் அது தளர்ந்த ஒயராகவோ, மாறிப்போன சீட்டாகவோ, வெறும் தற்செயலாகவோ இருக்கும். தற்செயலா இல்லையா என்று கேட்கக் கற்றுத் தருவதுதான் நிகழ்தகவு. நாணயத்தை 100 முறை சுண்டினால் 80 முறைக்கு மேல் தலை விழலாம். ஆனால் அதற்கான வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. அப்படி விழுந்தால் நாணயத்தைத்தான் முதலில் சோதிப்பேன். இத்தகைய அரிய நிகழ்வுகளின் கணிதத்தைப் பெரும் விலகல் கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் சென்னையில் 1940-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன். 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். அந்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நடக்கவே நடக்காது என்று நினைத்த ஒன்று நடந்துவிட்டால், அது நடப்பதற்கு இருந்த வழிகளிலேயே மிகச் சுலபமான வழியில்தான் பெரும்பாலும் நடந்திருக்கும். காரணத்தைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

நியூரல் நெட்வொர்க் படித்தவர்களுக்கு, பொருந்தாத முடிவிலிருந்து கற்பது பாடத்திலேயே இருக்கிறது. வெளியே வந்த பிழையைப் பின்னோக்கி அனுப்ப, ஒவ்வொரு இணைப்பும் தன் பங்குக்குத் திருத்திக்கொள்கிறது. பிழை இல்லாத இடத்தில் அது கற்பதே இல்லை. ஆனால் அதற்கு நாம் காட்டாத பிழை அதற்குத் தெரியாது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியும் நெட்வொர்க் வேறு மருத்துவமனையின் படங்களில் தடுமாறியது. ஏன் என்று துருவியபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே அந்த நெட்வொர்க்கால் கண்டுகொள்ள முடிந்தது தெரியவந்தது. நோய் அதிகமாக வரும் மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால், நுரையீரலைப் பார்க்காமலே விடை சொல்லலாம் அல்லவா? முதல் மருத்துவமனையின் மதிப்பெண்ணோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி என் வேலை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1981-இல் அங்கேதான் தொடங்கியது. அதற்காகப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் ஏடுகளைப் புரட்டி விவரம் சேகரித்தார்கள். நோயாளி என்ன ஆனார் என்று தெரியாவிட்டால் வீடு தேடியும் போனார்கள். அது பெரிய அறிவியல் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் இதுதான். சிகிச்சைக்குப்பின் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கணக்கிட நாங்கள் பயன்படுத்துவது கப்லான், மையர் இருவரும் 1958-இல் வெளியிட்ட முறை. நடுவில் வராமல் போனவர்களை அது ஒதுக்கிவிடுவதில்லை. கடைசியாகப் பார்த்த நாள்வரை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: போனவர்களின் கதி இருப்பவர்களின் கதியைப் போலவே இருக்க வேண்டும். லுகேமியா சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். எட்டாவது மாதத்தில் ஒரு சிறுமி வராமல் போகிறாள் என்று வையுங்கள். பஸ் செலவுக்கு வழியில்லையா? அப்பாவுக்குக் கூலி போய்விடும் என்றா? காய்ச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்களா? அவள் இருக்கிறாளா? இதில் எதுவாக இருந்தாலும் அவள் நிலை மற்றவர்களைப் போன்றது அல்ல. அவளை மற்றவர்களைப்போல எண்ணினால் என் வரைபடம் அழகாக வரும், உண்மையாக வராது.

யார் நின்றுபோவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு வேண்டும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த அணுக்களை எண்ணும் மலிவான கருவி வேண்டும். வீடு தேடிப் போய்ப் பேச ஆள் வேண்டும். இந்த அரங்கில் இருக்கும் எந்தத் துறைக்கும் இதில் இடம் உண்டு. வர விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பட்டம் பெறும் உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.