உடலோம்பலும் உளமோம்பலும்
(பெருமுக்கல்லில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



தேக சுகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் பணித்தபொழுது, யான் வைத்தியனல்லேன் என்று கூறி மறுத்தேன். காரியதரிசி அவர்கள் விட்டாரில்லை. “வைத்தியர் பேசினால் மருந்தைப் பற்றிப் பேசுவார்; மருந்து வேண்டாதிருக்கும் வழியை நம்மவருள் ஒருவரே சொல்லட்டும்” என்றார். அவர் சொல்லிலும் நியாயம் உண்டு. திருவள்ளுவ தேவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதிலுள்ள பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. ஆறு குறள்கள் உணவின் அளவையும் காலத்தையும் குறித்தே நிற்கின்றன. பசித்துப் புசித்தலும், புசித்தது செரித்த பின்னரே மறுபடி உண்ணுதலும் அவர் கண்ட மருந்து. இக்காலத்தில் நம் வீடுகளில் உணவுக்குக் காலமும் இல்லை, அளவும் இல்லை. கலியாணப் பந்தியைப் பற்றி யான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அக்கிராசனர் அவர்கள் வீட்டுக் கலியாணம் அடுத்த மாதம் வருகிறது.

நிற்க. யான் முக்கியமாகப் பேச வந்தது தண்ணீரைப் பற்றி. இந்தப் பெருமுக்கல் மலையின்மேல் ஏறிக் கீழ்த்திசை நோக்கினால் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை விரித்தாற்போலத் தோன்றும். நம்மவருள் பல குடும்பங்களின் பிழைப்பு அங்கே. பொழுது விடியுமுன்னரே பாத்தியில் இறங்கி, உச்சி வெயிலுக்குமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும். மேலே வெயில் காய்கிறது. கீழே உப்பின் வெண்மை அவ்வெயிலையே கண்ணுக்குத் திருப்பி அடிக்கிறது. வியர்வையாகப் போன நீரை அப்போதைக்கப்போது ஈடு செய்யாவிடில் உதிரம் இறுகிச் சிறுநீரகம் வருந்தும். இது வெறும் ஊகமன்று. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ச்சியாளர் 2017 முதல் 2020 வரை பரிசோதித்தனர். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தேகம் தாங்கத்தக்க அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதாகவும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் குன்றியிருப்பதாகவும் கண்டனர்.

இவ்விடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லப் பொறுத்தருள வேண்டும். என் அன்னையார் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உப்பளத்தில் பாடுபட்டவர். சிறுவனாயிருந்த யான் பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குக் கூழ் கொண்டு போவேன். அவர் காலையில் எடுத்துச் சென்ற தண்ணீர்க் குடம் பெரும்பாலும் நிறைந்தபடியே வீடு திரும்பும். தாகமில்லை போலும் என்று யான் எண்ணியிருந்தேன். பின்னாளில் நீர்க்கடுப்பும் விலாநோவும் கண்டு மருத்துவமனையில் படுத்தபொழுது, “நீ ஏனம்மா தண்ணீர் குடிப்பதில்லை?” என்று வைத்தியர் வினவினார். “குடித்தால் ஒதுங்க வேண்டுமே ஐயா, அந்த வெட்ட வெளியில் எங்கே ஒதுங்குவது?” என்றார் அன்னையார். முப்பது ஆண்டுகள் அக்குடத்தைக் கண்டும் அக்கேள்வியைக் கேளாத மகன் யான். தாய்மார்களுக்குத் தண்ணீர் குடியுங்கள் என்று உபதேசிப்பது எளிது. மறைவிடம் ஒன்று கட்டித் தராமல் அவ்வாறு உபதேசிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆண்மக்களுக்கு அச்சாக்கும் இல்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை சில மிடறு பருகுக. நீராகாரமும், உப்பிட்ட நீர்மோரும், கேழ்வரகுக் கூழும் நம் முன்னோர் வழக்கமாயிருந்ததன் காரணம் வறுமை மாத்திரமன்று. வியர்வையோடு போன நீரையும் உப்பையும் அவை திரும்பக் கொடுத்தன. அவற்றை நாணி ஒதுக்கி, சர்க்கரை கலந்த புட்டிப் பானங்களைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது நாகரிகமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நிழலில் அமர்ந்து கணக்கெழுதும் அன்பர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்து ஊறுகாய்ச் சாடியைத் திறக்க வேண்டா! நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே, உப்புக் கொள்ள வேண்டுமென்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் விதி. கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே இலையில் கூடினால் அவ்வளவு எப்பொழுதோ கடந்துவிடும். இரத்த அழுத்தம் நோவு காட்டாமல் வளரும் வியாதி. எனக்கு அது இருப்பதே தலை சுற்றிக் கீழே விழுந்த பின்னர்தான் தெரிந்தது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். “எனக்கென்ன, இரும்புபோல் இருக்கிறேன்” என்று அவர்களை வாசலிலேயே திருப்பியனுப்பும் பெரியவர்கள் இச்சபையிலும் சிலர் உளர்.

இனிக் குடியைப் பற்றி. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நேர்ந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாராயமென்று எண்ணிப் பருகியதில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது உடலுக்குள் அமிலமாக மாறிக் கண்ணொளியை முதலில் கெடுக்கும். பிறகு உயிரைக் கொள்ளும். பத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தலைவனை இழந்தன. அவர்கள் துஷ்டரல்லர், உடல் நோவு தீர்ந்தால் உறக்கம் வருமென்று குடித்த உழைப்பாளிகள். ஆகையால் அவர்களை வைவதில் பயனில்லை. உழைத்த உடலுக்கு வெந்நீர்க் குளியலும், சூடான உணவும், காலத்தோடு உறக்கமும் வீட்டில் கிடைக்கச் செய்தால் கடைவழி ஓரளவேனும் மறக்கும் என்பது என் துணிபு.

உறக்கத்தைக் கெடுப்பது இப்பொழுது கைப்பேசி. அதைப் பற்றி நீங்களே அறிவீர்கள்.

மனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் உப்பளம் நின்றுவிடும். அரசாங்கம் 2022 முதல் அம்மாதங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் உதவி செய்யத் தொடங்கியது நன்றே. எனினும் கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் அது எத்தனை நாளைக்கு? வேலையற்றுத் திண்ணையில் ஒடுங்கிக் கிடப்பவனை நாம் சோம்பேறி என்கிறோம். காற்றுச் சேஷ்டை என்று மந்திரிக்க அழைத்துப் போகிறோம். மனச்சோர்வும் வியாதியே, அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்னும் எண்ணில் பேசினால் செலவின்றித் தமிழிலேயே ஆலோசனை கூறுவார்கள். அதற்கும் முன்னே, அவனுடைய சிற்றப்பனோ மாமனோ அருகில் உட்கார்ந்து, “என்னடா தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்கலாம். மாலையில் அவனையும் அழைத்துக்கொண்டு இம்மலைமேல் முக்தியாசலேசுவரர் சந்நிதிவரை ஏறி இறங்கினால் தேகத்துக்கும் அப்பியாசமாகும். ஏறும்போது பேச்சும் தானே வரும்.

கடைசியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு விழாவுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நம்மவர் வேலை செய்யும் உப்பளங்களில் ஓலைப் பந்தலும், தண்ணீர்ப் பானையும், பெண்டிருக்கு மறைவிடமும் அமைக்க வேண்டும். அள முதலாளிகளிடம் இடம் கேட்க ஐவர் போதும். முதல் ஆளாக யான் என் பெயரைக் கொடுக்கிறேன். மற்ற நால்வர் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.