உம்மாவின் ஒரு வரி

2020 மார்ச்சில் இலங்கைப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. மன்னார் மாவட்டத்து முசலியிலும் படிப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பதுளைப் பக்கம் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறியது உலகச் செய்தியானது. சரி, சிக்னல் கிடைத்தாலும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பது யார்?

முசலியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முசலி மக்கள் உட்பட வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். அன்று படிப்புக் குழம்பிய சிறுவர்களில் பலர் இன்று வாப்பா, உம்மா. “எனக்கே தெரியாது, நான் எங்க சொல்லிக்கொடுக்க?” என்று அவர்கள் தயங்கினால் அதில் வியப்பில்லை.

ஆனால் உம்மா கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை; அவர் சொல்லும் ஒரு வரியும் உதவும்.

1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றார்கள். சிலரிடம் “நன்றாக முயன்றாய்” என்றார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். பிறகு மீண்டும் முதலில் கொடுத்த அளவுக்கு இலேசானவை. ‘கெட்டிக்காரர்கள்’ முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறினார்கள். வித்தியாசம் ஒரேயொரு வரி! புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியால் பிள்ளையை அளக்கும் நம் ஊருக்கு இது கொஞ்சம் சுடும்.

வீட்டில் இதையே செய்து பார்க்கலாம். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது பிள்ளை. “மொக்கு” என்று அதட்டாமல், “எப்படிப் போட்டாய், காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். 2இலிருந்து 7 போகாது என்று, 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கும்.