கத்தாத விமானி

இப்போதெல்லாம் வாழ்க்கை வரலாற்றுப் படம் என்றால் நாயகன் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வரவேண்டும், பின்னணியில் வயலின்கள் ஒப்பாரி வைக்கவேண்டும். அலுத்துவிட்டது. அதனால்தான் 2016-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த 'ஸல்லி' பற்றிப் பேச வந்தேன்.

கதை உங்களுக்குத் தெரியும். 2009 ஜனவரி 15. நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் போயின. கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள்.

கேப்டனாக வரும் டாம் ஹாங்க்ஸைக் கேளுங்கள். ஆமாம், கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். மோதலுக்குத் தயாராகுங்கள் என்ற அறிவிப்பை, ரயில் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று சொல்கிற தொனியில் சொல்கிறார். பிறகு பணிப்பெண்கள் ஒரே தாளத்தில், "தலையைக் குனியுங்கள், குனிந்தே இருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அதேதான். இசை இல்லை, அலறல் இல்லை. எங்கள் வானொலி நாடகத் தயாரிப்பாளர் ஒருவர் கத்துகிற நடிகர்களிடம் சொல்வார்: "தம்பி, மைக்குக்கு நல்லாவே காது கேக்கும்." ஹாங்க்ஸுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் 155 என்ற எண் காதில் விழும்போதும் அவர் கத்தவில்லை. முகம் மட்டும் இளகுகிறது.

நியூயார்க் இரட்டைக் கோபுரங்களை இழந்த ஊர். கேப்டனின் கெட்ட கனவில் விமானம் கட்டடங்களில் மோதுவது சும்மா வந்ததல்ல.

ஆனால் படத்தின் அரசியலில் எனக்குச் சண்டை உண்டு. ஈஸ்ட்வுட்டுக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. அதனால் விபத்தை விசாரித்த அதிகாரிகளை வில்லன்களாக்கிவிட்டார். உண்மையில், ஆற்றில் இறக்கியது சரியே என்பதுதான் அவர்களின் 2010 அறிக்கை. திரைக்கதையில் விசாரணையாளர்களின் உண்மைப் பெயர்கள் வேண்டாமென்று அந்தக் கேப்டனே கேட்டுக்கொண்டார்.

இன்னொன்று. விபத்து நடந்த அடுத்த மாதமே அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய், தன் சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியமும் போயிற்று என்று சொன்னார். படத்தில் பணக்கவலை தலைகாட்டுகிறது. இந்தச் சாட்சியம் இல்லை. விசாரித்தவன் வில்லன், சம்பளத்தை வெட்டியவன் தப்பித்தான். இது நியாயமா?

ஹாங்க்ஸுக்காகப் படத்தைப் பாருங்கள், விசாரணைக் காட்சிகளை அப்படியே நம்பாதீர்கள். முடிந்தால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள்.