சீமோன் கொடுத்த படகு
(வானொலி மறையுரை – லூக்கா 5:1-11)



இன்றைய நற்செய்தியில் கெனசரேத்து ஏரிக்கரையோரம் இரண்டு படகுகள் நிற்கின்றன. வலை கிழியுமளவு சிக்கிய மீன்களைப் பற்றி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். இன்று படகைக் கொஞ்சம் பார்ப்போம்.

1986-ஆம் ஆண்டு, மழை பொய்த்து அந்த ஏரியின் நீர் இறங்கியபோது, கினோசார் ஊரைச் சேர்ந்த மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் புதைந்த ஒரு பழைய படகைக் கண்டார்கள். இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது. நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். அது சீமோனுடையது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். அந்த ஒரு படகில் பத்து வகைக்குக் குறையாத மரங்கள்! கேதுருவும் கருவாலியும் போக, மற்றவை கைக்குக் கிடைத்த துண்டுகள். புதுப்படகு வாங்க வசதியில்லாதவர்கள் பழுதான இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டு அதை மிதக்க வைத்திருக்கிறார்கள். இயேசுவும் தச்சர். சீமோனின் படகில் அமர்ந்ததும் அவர் கண் முதலில் அந்த ஒட்டுகளின் மேல்தான் போயிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்குக் கடல் தூரம், மலை பக்கம். ஆனால் கடலுக்குப் போன மரம் மலையில் வளர்ந்ததுதான். தென்கரையில் ஒரே அடிமரத்தைக் குடைந்து வள்ளம் செய்தவர்கள் மேற்கு மலையின் அயினி மரத்தை நம்பினார்கள். கட்டுமரத்துக்கோ எடை குறைந்த மரம் வேண்டும். கட்டைகளைச் செதுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலரவிட வேண்டும்; இல்லையென்றால் நீர் குடித்துக் கனத்துவிடும். ஆங்கிலேயர் அந்தப் பெயரையே எடுத்து ‘கட்டமரான்’ என்றார்கள். இன்று கரைகளில் ஃபைபர் படகுகள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டியவர் விரைவாகப் போய்வரும் படகைத்தான் வாங்குவார். ஆனால் எந்த மரம் எவ்வளவு நீர் குடிக்கும் என்று தொட்டுச் சொன்ன கைகளிடம் இன்று கேட்பவர் யார்?

நம் மலையிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் வாழும் பளியர்கள், புகை போட்டு, கயிற்றில் தொங்கி, பாறைத்தேன் எடுப்பவர்கள். அந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது; 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. காடு காக்கப்பட வேண்டும், ஐயமில்லை. நம் கண்மாய்களுக்கு நீர் அங்கிருந்துதான் வருகிறது. அதே காட்டில் தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. தாளில் உள்ள உரிமை குடிசைக்கு வந்து சேர, மனு எழுதத் தெரிந்த யாராவது கூட நடக்க வேண்டியிருக்கிறது. நம் பங்கில் மனு எழுதத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

2019 அக்டோபரில் அமேசான் ஆயர் மாமன்றம் தொடங்கியபோது, அங்கிருந்து வந்த பழங்குடி மக்கள் ஒரு தோணியைச் சுமந்து வர, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களோடு நடந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ‘லவுதாத்தோ சீ’ திருமடலில், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் திட்டங்களில் அவர்களிடமே முதன்மையாகக் கலந்து பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நற்செய்தியில் வரும் வரிசையைக் கவனியுங்கள். ஆழத்துக்குப் போகச் சொன்னது பிறகுதான். முதலில் இயேசு, படகைக் கரையிலிருந்து சற்றே தள்ளும்படி சீமோனைக் கேட்டுக்கொள்கிறார். இரவெல்லாம் உழைத்து, வெறுங்கையோடு வலை அலசிக்கொண்டிருந்த மனிதரிடம் கடவுளின் மகன் உதவி கேட்கிறார்.

அடுத்தமுறை மலையிலிருந்து தேன் கொண்டு வருபவரைக் கண்டால், “சர்க்கரைப் பாகு கலந்திருக்கா?” என்று தொடங்க வேண்டாம். எந்தப் பாறையில் எடுத்தது, இப்போது எந்தப் பூ பூத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக இருக்கும். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும்.