ப்ராக்ஸிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

குடும்பப் படங்களையும் கோப்புகளையும் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைக்க மனமில்லாமல், சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற செயலியை நிறுவி நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் முதல் யோசனை, முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை நிறுத்துங்கள் என்பது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே இருக்கும் செயலியிடம் கொடுத்து, பதிலை வாங்கித் திருப்பித் தரும் மென்பொருள் அது. ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் இந்த வேலைக்குப் பேர்போனது. யோசனை நல்லதுதான். ஆனால் ப்ராக்ஸியை நிறுவிய கையோடு பாதுகாப்பும் வந்துவிட்டதாக நம்புவது ஆபத்தானது என்பது என் வாதம்.

செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர் மென்பொருளையே பாருங்கள். அதில் ஒரு போர்ட்டை வெளியே திறந்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது கணினியின் எல்லா முகவரிகளிலும் திறக்கும். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ என்ற தீயரணில் அந்த போர்ட்டை மூடியிருந்தாலும் பயனில்லை. டாக்கர் எழுதும் விதிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். முன்வாசலில் காவலரை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால், அதே கணினியில் ஓடும் ப்ராக்ஸி மட்டுமே செயலியை எட்ட முடியும். இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. ப்ராக்ஸி வழியாக வருகிறவர்கள் எல்லோரும் செயலிக்கு ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரிவார்கள். தவறான கடவுச்சொல்லை அடுத்தடுத்துப் போடும் முகவரியை நெக்ஸ்ட்கிளவுட் தாமதப்படுத்தும். அந்த முகவரி ப்ராக்ஸியுடையது என்றால், எவனோ ஒருவன் செய்த வேலைக்கு வீடு முழுவதும் காத்திருக்க நேரும். வந்தவரின் உண்மையான முகவரியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பில் ப்ராக்ஸி அனுப்பலாம். ஆனால் அந்தத் தலைப்பை யாரும் பொய்யாக எழுதி அனுப்பலாம் என்பதால், ப்ராக்ஸி சொல்வதை மட்டும் நம்பும்படி செயலியில் குறித்து வைக்க வேண்டும்.

என்னுடைய சின்ன சர்வரை யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்கலாம். https இணைப்புக்காக லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. உங்கள் தளத்தின் பெயரை யாரிடமும் சொல்லாவிட்டாலும் அங்கே அது தெரிந்துவிடும். அதைப் பார்த்து வருகிறவை தானியங்கி நிரல்கள், சின்னது பெரியது என்று அவை பார்ப்பதில்லை. நடுவில் இன்னொரு மென்பொருள் என்றால் பழுதாக இன்னோர் இடம் கூடுகிறதே என்பார்கள். அதுவும் நியாயம்தான். எஞ்சின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் பதிவேற்ற விடாது, அதை மாற்றாதவருக்குப் பெரிய படங்கள் ஏறவே ஏறாது. இருந்தாலும், ஒரே முகவரியில் நான்கைந்து செயலிகளை 443 என்ற ஒரே போர்ட்டில் நடத்தவும், சான்றிதழ்களை ஒரே இடத்தில் புதுப்பிக்கவும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே ப்ராக்ஸி இருக்கட்டும். ஆனால் கொல்லைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சர்வரின் பொது ஐபி முகவரியோடு செயலியின் போர்ட் எண்ணைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். நுழைவுப் பக்கம் திறந்தால், அந்த போர்ட்டை இன்றைக்கே மூடிவிடுங்கள்.